எல்லாம் வாடகையில் அடக்கம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க லாட்ஜுல ஃபேன் போட்டா தனிக் காசாமே. அப்போ ஜன்னலைத் திறந்தா அதுக்கும் வாங்குவீங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அன்று சாயங்காலம் அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். அவர் முதலில் என்னை முறைத்தார். அடுத்த கோடை வருவதற்குள் விசிறிக்குத் தனிக் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார், வெந்நீருக்கும் சேர்த்து. தெருவில் இருந்த மற்ற லாட்ஜ்காரர்கள் அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். இன்றைக்கு அதே தெருவில் விசிறிக்குக் காசு கேட்கிற லாட்ஜ் ஒன்றைக் காட்டு, பார்ப்போம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். நேற்று லாட்ஜ் சங்கத் தலைவர் ஒப்பந்தத் தாளோடு வந்தார். ஏதோ ஒரு கம்பெனி தெருவிலுள்ள எல்லா லாட்ஜிலும் இன்டர்நெட் பெட்டி வைக்குமாம். தங்குகிறவர் மணிக்கணக்குக்குக் கூப்பன் வாங்க வேண்டுமாம். அறையில் ஒரு போன் இருக்கும், ஆனால் வெளியே பேச வரவேற்பறை வழியாகத்தான் போக வேண்டும், நிமிடத்துக்கு இவ்வளவு என்று. வருகிறதில் நமக்கும் பங்கு. தாளின் கடைசியில் உன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் எனக்காக ஒரு காலி இடம்.

அந்த இடம் காலியாகவே இருக்கும்.

நீ கண்ணாடிக் கடையோடு வேறு ஊரில் இருக்கிறாய். நான் தினமும் இங்கே கண்ணால் பார்க்கிறேன். நம்மிடம் அறை எடுத்தவர்கள் பொழுது சாய்ந்தால் எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அங்கே இன்டர்நெட் சும்மா கிடைக்கிறது. வீட்டுக்காரியோடு பேச வேண்டியதைத் தெருவே கேட்கப் பேசுகிறார்கள். அவரவர் போனில் இருப்பது போதாதா என்பாய். முகம் பார்த்துப் பேசினால் அது பாதி மாதத்தில் தீர்ந்துவிடும். நம் பின்பக்க அறைகளுக்கு டவரும் எட்டாது. கூப்பன் வாங்க வசதி உள்ளவன் நம் லாட்ஜுக்கு ஏன் வருகிறான்?

அதனால் நானே ஒரு நல்ல லைன் வாங்கிவிட்டேன். மாடிக்கு ஒரு பெட்டி, அறைகளுக்கு நடுவே போகிற நடைபாதையில். அறைக்கு ஒரு போன், நேராக வெளியே பேசலாம், யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள். சும்மா கிடைப்பது உலகத்தில் எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். வாடகையில் ஒரு டீக்காசு ஏற்றியிருக்கிறேன், அதை வாசலிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். ஒரு கிணற்றுக்கு ஒரு மோட்டார் போட்டால் வீடு முழுக்கத் தண்ணீர் வருகிறதே, குழாய்க்கு ஒரு மோட்டாரா வைக்கிறோம்? அந்தக் கணக்குத்தான்.

இதைப் போனில் பேச வேண்டாம். கத்துகிற சண்டை செல்லாது, எழுதிக் கொடுக்கிற சண்டைக்குத்தான் தீர்ப்பு என்று நாம் சின்னவர்களாக இருந்தபோது அம்மா போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. பாதி பாடம், பாதி சாபம். சிவப்பு மையில் திருத்தி மார்க் போடாததுதான் குறை.

நீ சொல்கிற ஜன்னல் கதையை நான் நூறு தடவை கேட்டாகிவிட்டது. அப்பா காலத்தில் ஸ்டேஷனில் இறங்குகிறவன் நேராக நடந்து வந்து நம் பலகையைப் பார்த்து உள்ளே நுழைவான். இப்போது அப்படியா? ஸ்டேஷன் வாசலில் சங்கத்து பூத் இருக்கிறது. பையோடு வருகிறவனிடம் "ரூம் வேணுமா சார்?" என்று கேட்டு, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவது அவர்கள்தான். நமக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சீட்டோடு வருகிறவர்கள். நீ கையெழுத்துப் போடவில்லை என்றால் பூத்தில் நம் பெயர் இருக்காது என்று தலைவர் என்னிடம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார். பெயர் போனால் ஆள் போகும், ஆள் போனால் லாட்ஜ் போகும். இதற்கு எட்டாம் வகுப்புப் பாடம் தேவையில்லை.

நான் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புத்தான், ஆனால் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. லாட்ஜில் எனக்கும் பாதி இருக்கிறது. ஊரோடு ஒத்துப் போவதில் என்ன கேவலம்?

இன்னொன்று. உன் தர்மம் ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரித்தேன். வரவேற்பறையில் இருக்கும் நம் சாவிக்காரர் உனக்குப் பயந்து மழுப்பினார், தலைவர் மழுப்பவில்லை. நம் ஆட்கள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் மேலும் கீழும் அலைகிறார்களாம். நிலத்தடி நீர் பார்க்கிறவன் குச்சியோடு அலைவது மாதிரி இருக்கிறது என்று தெருவே சிரிக்கிறதாம். கம்பெனிக்காரன் காசு வாங்கினாலும் சாமான் வேலை செய்யும். சும்மா கொடுப்பது இருக்கட்டும் அக்கா, முதலில் கொடு.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. வீட்டில் எல்லோரும் நலம்.

தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

தெரு சிரித்தது உண்மை. நடைபாதையில் அலைந்ததும் உண்மை. மழுப்பியதற்காகச் சாவிக்காரரைக் கடிந்துகொண்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மழுப்பாம வேற என்னம்மா பண்றது?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். முதல் மாடி நாலாம் அறையில் ஒரு டைல்ஸ்காரர் தங்கியிருக்கிறார். புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரியில் தரை போடுகிற வேலை, மூன்று மாதம் இருப்பார். பிறவியிலேயே காது கேட்காது. அவர் மனைவிக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் கைகளால் பேசுகிறவர்கள். நாமெல்லாம் "சாப்பிட்டியா, சரி, வெச்சிடறேன்" என்று குரலை அனுப்பிவிட்டுப் படுத்துவிடலாம். அவர்களுக்குப் படம் வேண்டும், அதுவும் ஓடுகிற படம். படம் நின்றுவிட்டால் தூக்கிய கை பாதியில் நின்றுவிடும். பாதியில் நின்ற கைக்குள் என்ன சொல் இருக்கிறதென்று யாரால் சொல்ல முடியும்? அவர்களுடைய சின்ன மகள் இப்போதுதான் கையால் பேசப் பழகுகிறாள்.

போன வாரம் அவர் நேராக என்னிடம் வந்து, போனில் எழுதி நீட்டினார். "கதவைத் திறந்து வைத்தால்தான் என் மனைவி அசைகிறாள். மூடினால் சிலையாகிவிடுகிறாள். நான் என் மனைவியோடு பேசுவதை உங்கள் நடைபாதையே நின்று வேடிக்கை பார்க்கிறது. உங்கள் வாசலில் எழுதியிருப்பது பொய்யா?" ஆள் சாதுவில்லை. நான் படித்து முடிக்கும்வரை போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

பெட்டியை இடம் மாற்றிப் பார்த்தேன். பெரிய பெட்டி வாங்கி வைத்தேன். பயனில்லை. அப்புறம்தான், இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னதை நானே ஏன் செய்யவில்லை என்று தோன்றியது. இரண்டு தொட்டியில் ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீர். ஒன்றை வெயிலில் வை, ஒன்றை அலமாரிக்குள் வை. ஒரே ஒரு வித்தியாசம் இருக்கும்போதுதான் காரணம் கையில் சிக்கும். மூன்றாம் அறையும் நாலாம் அறையும் எதிரெதிர், பெட்டி நடுவில். அளவு ஒன்று, சுவர் ஒன்று, கதவு ஒன்று. மூன்றில் மாத வாடகைக்கு இருக்கிற மருந்துக் கம்பெனிக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு சினிமாவே பார்க்கிறார். நாலில் சிலை. வித்தியாசம் என்ன என்று இரண்டு அறைக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தேன்.

மூன்றில் நடைபாதைச் சுவரோடு பழைய அலமாரி இருக்கிறது. அதனால் அங்கே மட்டும் நீ கண்ணாடி பதிக்கவில்லை.

ஆமாம், உன் கண்ணாடிதான். மற்ற ஒவ்வொரு அறையிலும் நடைபாதைச் சுவரில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் நீ பதித்த கண்ணாடி. முன்னால் வருகிற வெளிச்சத்தை அது எப்படித் திருப்பி அனுப்புகிறதோ, பின்னால் வருகிற இன்டர்நெட்டையும் அப்படியே திருப்பி அனுப்புகிறது. கதவு திறந்திருந்தால் அந்தச் சந்து வழியாகக் கொஞ்சம் வருகிறது. மூடினால் அதுவும் இல்லை. நம் அறைகள் எல்லாம் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

நாலாம் அறைக் கண்ணாடியைக் கழற்றப் போகிறேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து ஊரே போன் பேசுகிறது. என் கடையில் நாலு பக்கமும் கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் வியாபாரமே பேசுகிறேன். கண்ணாடி போனை மறைக்குமாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதை நீ பள்ளிக்கூடத்தோடு விட்டிருக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடிகள் எப்படி வந்தன என்று மறந்துவிட்டாயா? அப்பா இறந்த வருஷம், "ரூமா இது, தீப்பெட்டி" என்று சொல்லிவிட்டு வந்தவன் எல்லாம் திரும்பிப் போனான். சுவரை இடித்துப் பெரிதாக்க நம்மிடம் வழி இல்லை. நான்தான் ஒவ்வொன்றையும் என் கையால் அளந்து, அறுத்து, விளிம்பு தேய்த்து, லாரியில் வைக்கோலுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து ஒட்டினேன். அறை இரண்டு மடங்காகத் தெரிந்தது. ஆள் தங்க ஆரம்பித்தார்கள். இந்த லாட்ஜுக்கு நான் செய்த ஒரே காரியம் அது. அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நீ மட்டும் நடத்தப் பார்க்கிறாயா?

கை வைக்காதே. வைத்தால் என் பாதியைப் பிரித்துக் கொடு. நான் தனியாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

கை வைத்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே.

தச்சரைக் கூப்பிட்டேன். அவர் கடப்பாறையால் நெம்பினார். கீழ் மூலை ஒரு சாண் அளவுக்கு உடைந்தது. சத்தம் கேட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். மிச்சத்தைக் கம்பளி சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். சாயங்காலம் டைல்ஸ்காரர் வந்தார், வெறும் சுவரைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை. சாவிக்காரர் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு சத்தமும் இல்லம்மா, நல்லாப் பேசிட்டிருக்காங்க போல" என்றார்.

காரில் போன் பேசுகிறார்கள் என்றாய். பேசுகிறார்கள். அது வெறும் கண்ணாடி. நான் சொல்வது முதுகில் பூச்சு உள்ள முகம் பார்க்கும் கண்ணாடி. வித்தியாசம் உனக்குத் தெரியாதா? கோபம் வந்தால் நீ தொழிலையே மறந்துவிடுவாய்.

இனி கெட்ட செய்தி. பூத்தில் நம் பெயரை எடுத்துவிட்டார்கள். தலைவர் நேரில் வந்தே சொன்னார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஊரோடு ஒத்துப் போகும்படி உன்னைப் போலவே அவரும் சொன்னார். கூப்பன் வைத்தால் இன்டர்நெட் ஒழுங்காக இருக்கும், தங்குகிறவர்களுக்குத்தான் நல்லது என்றார். என் நாலாம் அறையில் இப்போது ஒழுங்காக வர ஆரம்பித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். அதற்கு அப்புறம்தான் மனுஷர் உண்மையைச் சொன்னார்.

"டீச்சரம்மா, ஒருத்தர் சும்மா குடுத்தா மத்தவங்க எப்படி விக்கிறது?"

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. தங்கறவங்க நல்லதுக்குன்னு ஏன் சுத்தி வளைச்சீங்க?"

"பூத்துல உங்க பேர் இருக்காதும்மா. அப்புறம் வருத்தப்படாதீங்க."

"பேரைத்தானே எடுக்க முடியும், எடுங்க."

அவர் போன பிறகுதான் உட்கார்ந்தேன். சாவிக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? பாதிக்கு மேல் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. சாவிகள் எல்லாம் ஆணியிலேயே தொங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் சாவிக்காரர் பலகையைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறார். இப்படியே போனால் மழைக்காலம் வரைதான் தாங்கும். அதற்குள் நிமிராவிட்டால், நீ கேட்ட பாதியைப் பிரிப்பதற்குக் கூட எதுவும் இருக்காது.

ஆனால் சும்மா உட்கார எனக்குத் தெரியாது. ஒரு அட்டையில் பெரிதாக எழுதினேன்: "கட்டில், விளக்கு, விசிறி, வெந்நீர், போன், இன்டர்நெட். எல்லாம் வாடகையில் அடக்கம்." மடக்கு நாற்காலியையும் குடையையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில், பூத்துக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். பூத்துக்காரர் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். சங்கம் என்றார். ஸ்டேஷன் வாசல் சங்கத்துக்கு எப்போது சொந்தமானது, பத்திரம் இருந்தால் காட்டுங்கள், வாசித்துப் பார்க்கிறேன் என்றேன். போய்விட்டார். முதல் ரயிலில் இறங்கியவர்களில் ஒரு வழுக்கைத் தலை என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், நீங்க இங்க என்ன பண்றீங்க?" என்று கை கட்டி நின்றான். என்னிடம் படித்தவன். ரூம் விற்கிறேன், வேண்டுமா என்றேன். பயத்திலேயே எடுத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

நீ கண்ணாடிகளால் இந்த லாட்ஜைத் தூக்கி நிறுத்தியதை நான் மறக்கவில்லை. அது உன் ஒரே காரியமும் இல்லை. ஆனால் அன்றைக்கு வந்தவன் "அறை சின்னது" என்றான், நீ பெரிதாக்கிக் காட்டினாய். இன்றைக்கு வருகிறவன் அறையின் அளவைக் கேட்கவில்லை. அதற்குள்ளிருந்து வீட்டுக்கு எட்டுமா என்று கேட்கிறான்.

கையெழுத்து இல்லை. பிரிக்க வேண்டுமென்றால் பிரித்துக்கொள். கதவுக்கு அந்தப் பக்கம் கூப்பன் விற்றுக்கொள், இந்தப் பக்கம் நான் சும்மா கொடுத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

கடப்பாறையாலா? யாராவது கண்ணாடியைக் கடப்பாறையால் எடுப்பார்களா? அந்தத் தச்சர் கையில் இனிமேல் ஒரு கைக்கண்ணாடி கூடக் கொடுக்காதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, உன்னைப் பொய்யாக்கியே தீருவது என்று கடையைச் சாத்திக்கொண்டேன். கடையில் இன்டர்நெட் பெட்டி மேஜை மேல் இருக்கிறது. அதற்கு முன்னால் வெறும் கண்ணாடியை நிறுத்தினேன், பின்னால் போனை வைத்தேன். பழுதில்லாமல் வந்தது. பார்த்தாயா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தது முகம் பார்க்கும் கண்ணாடி, அதே அகலம், அதே கனம். சரியாக வராமல் இழுத்தது. நாலு பக்கமும் அதையே நிறுத்தி, பெட்டியை வெளியே விட்டு, நடுவில் போனை வைத்தேன். செத்துவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்து, "கண்ணாடி கண்ணாடியா வெச்சு யாருக்குப் பொட்டு வைக்கறீங்க?" என்று கேட்டாள். எங்கள் அக்காவிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பூச்சுத்தான் காரணம். முதுகில் வெள்ளிப் பூச்சு. இருபது வருஷமாக அதைத் தொட்டுப் பிழைக்கிறேன், அது இப்படியும் செய்யும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இதோடு நின்றிருந்தால், தோற்றது தோற்றதுதான், ஆனாலும் வாக்கு வாக்குத்தான் என்று எழுதியிருப்பேன். ஆனால் நேற்றுத் தலைவரே போன் செய்தார். ரொம்ப இனிப்பாகப் பேசினார். உங்கள் அக்காவுக்கு வயதாகிவிட்டது, பிடிவாதம் பிடிக்கிறார், அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை, இன்னும் இரண்டு மாதம் பூத்திலிருந்து ஆள் அனுப்பாமல் இருந்தால் தானாகவே வழிக்கு வந்துவிடுவார் என்றார். கடைசியில், "எப்ப விக்கப் போறீங்கன்னு மட்டும் என்கிட்ட முதல்ல சொல்லிடுங்க, வெளி ஆளுக்குப் போயிடக் கூடாது பாருங்க" என்றார்.

அக்கா, நான் இன்டர்நெட்டுக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். உன்னைப் பட்டினி போடுவதற்குக் கொடுக்கவில்லை. அப்பா கட்டினதை அடிமாட்டு விலைக்கு வாங்கலாம் என்று ஒருவன் நம் வாசலில் காத்துக் கிடப்பதற்கும் கொடுக்கவில்லை. அவரிடம் சொன்னேன்: "எங்க அக்கா பிடிவாதம் உங்களுக்குப் புதுசு. எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். நீங்க ரெண்டு மாசம்னு சொல்றீங்க. அவங்க எட்டாம் வாய்ப்பாடு வராத பசங்களை வெச்சுக்கிட்டே முப்பது வருஷம் ஓட்டினவங்க." என் கையெழுத்தை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டேன். எழுதியும் அனுப்பிவிட்டேன். இரண்டு கையெழுத்தும் இல்லாத தாளை அவர் மடித்துக் கப்பல் விடலாம்.

இனி வேலையைக் கவனி. கண்ணாடியை நெம்பாதே. அதன் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக அகலமான டேப் ஒட்டு, உடைந்தாலும் சிதறாது. பிறகு மீன் பிடிக்கிற கனமான நரம்பு வாங்கு. கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவில் மேலிருந்து விட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று ரம்பம் இழுப்பது மாதிரி மாறி மாறி இழுத்தபடியே இறக்குங்கள். பசை அறுந்துகொண்டே வரும். கீழே கம்பளி மடித்துப் போட்டு, கையுறை மாட்டிய இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். நீ தள்ளி நின்று கத்தினால் போதும்.

எடுத்ததை மூலையில் போடாதே. ஜன்னல் பக்கச் சுவரில் மாட்டு. இடம் இருக்கிறது, அளந்தது நான்தானே. நடைபாதைப் பக்கம் நின்றால்தான் அது தடுக்கும். எதிர்ப்பக்கம் நின்றால் உள்ளே வந்ததை வெளியே விடாமல் அறைக்குள்ளேயே திருப்பிவிடும். அறையும் பெரிதாகத் தெரியும், வீட்டுக்கும் எட்டும். இரண்டும் வேண்டும் எனக்கு. நாலாம் அறைக்கு மட்டும் புதுக் கண்ணாடி அறுத்து அனுப்புகிறேன். உடைந்ததை யாருக்கும் காட்டாதே, என் தொழிலுக்கு அவமானம்.

நேரில் வர ஆசைதான். ஆனால் மாதக் கடைசியில் கண்ணாடி வியாபாரிகள் கண்காட்சி, வெளியூரில். அங்கே லாட்ஜில்தான் தங்க வேண்டும்.

தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

மீன் நரம்பு விற்கிற கடையில், என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆள் உயர மீன் என்றார் சாவிக்காரர்.

ஒன்று கூட உடையவில்லை. நீ சொன்னபடியே டேப், நரம்பு, கம்பளி. முதல் கண்ணாடி சுவரை விட்டு வந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டாவதுக்குப் பேசிக்கொண்டே இழுத்தார்கள். டைல்ஸ்காரரும் லீவு நாளில் வந்து ஒரு பக்கம் பிடித்தார், கூலி கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார். இப்போது எல்லா அறையிலும் கண்ணாடி ஜன்னல் பக்கம். கதவை மூடிக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் நானே நின்று பார்த்தேன். சாவிக்காரரைக் கீழே நிறுத்தி, ஒவ்வொரு அறையிலிருந்தும் அவருக்குப் போன் போட்டேன். கடைசியில் அவர், "அம்மா, ஒரே ஆளு இத்தனை ரூம்ல இருந்து பேசறது இதுதான் முதல் தடவை" என்றார்.

ஆனால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதே. பூத்தில் நம் பெயர் இன்னும் இல்லை. நான் இன்னும் குடையோடு ஸ்டேஷன் வாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மழை வந்தால் பயம்தான். சில நாள் பாதி அறை நிரம்புகிறது, சில நாள் அதுவும் இல்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தங்கிவிட்டுப் போனவர்கள் இன்னொருவரை அனுப்புகிறார்கள். டைல்ஸ்காரரின் கூட்டாளிகள், கைகளால் பேசுகிறவர்கள், இன்னொரு கட்டிடத்தில் வேலை செய்கிறவர்கள், தங்கியிருந்த இடத்தை விட்டு மொத்தமாக இங்கே இடம் மாறி வந்தார்கள். சாயங்காலம் அவர்கள் இருக்கிற மாடிக்குப் போனால் எல்லா அறையிலும் ஆள் இருப்பார்கள், ஒரு சத்தம் இருக்காது. கதவுகள் எல்லாம் மூடியிருக்கும்.

நேற்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் வந்தார், நமக்குப் பழைய போட்டிக்காரர் ஒருவரின் மனைவி. கணவர் இறந்த பிறகு அந்தச் சின்ன லாட்ஜை இந்தம்மாதான் பார்த்துக்கொள்கிறார். கூப்பன் பெட்டி வைத்தாகிவிட்டதாம். கூப்பன் வாங்காமல் அவருடைய ஆட்கள் எல்லோரும் நம் வாசல் படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்களாம், நம் இன்டர்நெட்டுக்காக. சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராக நின்றேன். அந்தம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அந்த லைன் போட்டுக் குடுத்த ஆளோட நம்பர் குடுங்க" என்று கேட்டார். சங்கம் சும்மா விடுமா என்றேன். "உங்களை விட்டுச்சா? நீங்க உட்கார்ந்திருக்கீங்கல்ல. எனக்கும் ஒரு குடை இருக்கு" என்றார். நாளைக்கு இரண்டு நாற்காலி போடுவதாக இருக்கிறோம்.

தலைவர் வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டு மாதம் என்று சொன்னார் அல்லவா, எண்ணிக்கொண்டிருக்கட்டும். மழைக்காலம் வந்தாலும் சரி, நான் இந்தக் கதவைச் சாத்தமாட்டேன். தங்குகிறவன் பணக்காரனாக இருந்தால்தான் வீட்டோடு பேசலாம் என்று ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து முடிவு செய்ய முடியாது. முடிவு செய்தால் அந்தத் தெருவில் ஒரு வீடாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அது நம் வீடாக இருக்கட்டும்.

நீ கண்காட்சிக்குப் போகிறாய். அங்கேயும் யாராவது பூத்தில் சீட்டுக் கொடுத்து, ஏதாவது ஒரு லாட்ஜுக்கு அனுப்புவார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதா, மெத்தை எப்படி என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. அறைக்குள் போனதும் கதவைச் சாத்து, பையைக் கீழே வைக்காமலேயே வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார். அதற்குத் தனிக் காசு என்று சொன்னால், பையோடு அப்படியே கீழே இறங்கி வந்துவிடு.

அக்கா